தேவிகாவை நிறுத்துவதற்கு முன்

காரைக்குடி,
சனிக்கிழமை.

அன்பு மகள் பெனாசிருக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் அன்வர் சாதிக்கும் என் தங்கம் ரிதாவும் ஷார்ஜாவில் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் துஆச் செய்துகொண்டிருக்கிறேன். இங்கே நானும் உன் அத்தாவும் உடம்பளவில் நலம். மனதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற பிள்ளைக்கு எதற்குக் காகிதம் என்று உன் அத்தா கேட்டுவிட்டார். "முப்பது வருசமா கரும்பலகையில எழுதுன கை, ரிட்டயர் ஆனதும் அரிக்குதாக்கும்" என்று கேலி வேறு. சிரித்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை உன் நம்பரை அழுத்தி, மூன்று தடவையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். நீ நடுவில் "என்னம்மா, என்னம்மா" என்று கேட்பாய், நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதுவும் போக, இதில் ஒரு விஷயம் உன் கையில் எழுத்தாகவே இருக்க வேண்டியது. ஏன் என்று போகப் போகத் தெரியும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடாதே.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பி யாருக்கு என்ன ஆயிற்று என்று தேடுவாய். யாருக்கும் ஒன்றும் இல்லை. உன் அத்தாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. நான் வீட்டில் கோதுமைக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன், அவர் கல்லுக்கட்டிப் பக்கம் போய்க் கந்தரப்பம் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார். கேட்டால் டீதான் குடித்தேன் என்கிறார், சட்டைப் பையில் எண்ணெய்க் காகிதம். நேமத்தான்பட்டியில் ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்குகிறார்கள், அதற்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கிற வேலை அவருக்குக் கிடைத்திருக்கிறது, அதனால் பகலில் வீட்டில் கால் தரிப்பதில்லை. ஊருக்கெல்லாம் தரை போடுகிற மனிதரின் வீட்டில் அடுப்படி மூலை ஒழுகுகிறது, சட்டியை வைத்துப் பிடிக்கிறேன். சாதிக்கின் சின்னத்தா மகன் வருகிற வியாழக்கிழமை திருச்சியில் விமானம் ஏறுகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தையும் இடித்த மிளகாய்த் தூளையும் ரிதாவுக்குக் கேழ்வரகு மாவையும் கொடுத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். ஒன்றாம் தேதி திங்கட்கிழமை வருகிறது. நடுவில் இரண்டே நாள். அதை நினைத்தால்தான் எனக்கு இருப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

நேற்று நீ பேசியதைத்தான் சொல்கிறேன். ஒன்றாம் தேதியிலிருந்து தேவிகாவை நிறுத்திவிடப் போகிறேன், ரிதாவைக் கேமரா வைத்த நர்சரியில் சேர்க்கப் போகிறேன் என்று சொன்னாய். நீ திரும்ப லேப் வேலைக்குப் போன இந்த நாலு மாதமாக உன் கீழ்மாடியில் இருக்கிற அந்த நாகர்கோவில் பெண்தான் ரிதாவைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு நாள் அவளைப் பற்றி நீ குறை சொன்னதில்லை. நேற்று மட்டும் காரணத்தை அடுக்கினாய். நர்சரியில் பஞ்சு மாதிரி மெத்தை, இங்கிலீஷ் பேசுவார்கள், கையைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவார்கள், வேலை செய்கிற இடத்திலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் சொல்லி முடித்து, போனை வைக்கிற நேரத்தில், வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிடப் போனபோது ரிதா தேவிகாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவளை "அம்மா" என்று கூப்பிட்டாள், பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது, லிஃப்டில் ஏறி வீட்டுக்கு வரும் வரை அழுதாள் என்று சொன்னாய். சொல்லிவிட்டு உடனே மறுபடியும் ஏசிக்குப் போய்விட்டாய். நான் முப்பது வருஷம் பிள்ளைகளின் சாக்கைக் கேட்டவள். எந்தக் காரணம் கடைசியில் வாயிலிருந்து நழுவுகிறதோ அதுதான் முதல் காரணம் என்று எனக்குத் தெரியாதா.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "அதுதான் சரி, நிறுத்திவிடு, பிள்ளை அடுத்தவர்களிடம் அந்த அளவுக்கு ஒட்டக் கூடாது" என்றேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. போனை வைத்த பிறகுதான் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று உறைத்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் எனக்கே சொல்லிக்கொண்ட வார்த்தை அது, அதே வார்த்தை. அப்போதிலிருந்து அடுப்பில் வைத்ததை மறக்கிறேன், இரண்டு தடவை அசர் தொழுதேனா இல்லையா என்று தெரியாமல் மறுபடி தொழுதேன். இப்போதும் எழுதிவிட்டு எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன். வாசலில் ஒன்றும் இல்லை.

நீ பிறந்தது எங்களுக்கு நிக்காஹ் ஆகி ஆறு வருஷம் கழித்து. ஆறு வருஷத்தில் இந்தத் தெருவும் சொந்தமும் என்னைக் கேட்காத கேள்வி இல்லை. உன்னைக் கையில் வாங்கியபோது இது என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை என்றுதான் நினைத்தேன், உன் அத்தாவுக்குக்கூடப் பங்கு கொடுக்க மனம் இல்லை, அவர் அப்போது புருனேயில் இருந்தார். என் அம்மா அதற்கு முந்தின வருஷமே மவுத்தாகிவிட்டார், மாமியார் இளையான்குடியில் படுத்த படுக்கை. விடுப்பு மூன்று மாதம்தான். ஜூனில் பள்ளி திறந்தால் காலை எட்டு மணிக்குக் கொத்தமங்கலம் பஸ்ஸில் இருக்க வேண்டும். வேலையை விட்டுவிடு என்று சொல்லப் பத்துப் பேர் வந்தார்கள். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஒருத்திதான் வந்தாள். அப்போது நாம் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பர்வீன் பானு. உனக்குத் தெரியும், ஏசி ரிப்பேர்க் கடை வைத்திருக்கிற சுஹைலின் அம்மா. நீ சின்னப் பிள்ளையாக என்னோடு கடைவீதிக்கு வரும்போது அந்தம்மா நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும், "ஏம்மா அவுக என்னையப் பாக்குறாக" என்று கேட்பாய், நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன்.

சுஹைல் உன்னைவிட ஐந்து மாதம் மூத்தவன். காலையில் பவுடர் பால் கரைத்து இரண்டு பாட்டிலோடு உன்னைப் பர்வீனிடம் விட்டுவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்தால் இரண்டு பாட்டிலும் காலியாகிக் கழுவிக் கவிழ்த்திருக்கும். என் பிள்ளை எவ்வளவு சமர்த்து என்று பஸ்ஸில் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டேன். எனக்கோ பதினோரு மணியானால் நெஞ்சு கட்டிக்கொள்ளும். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே எந்தக் குழந்தை அழுதாலும் ரவிக்கை நனைந்துவிடும், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பழைய துணியில் பீய்ச்சிவிட்டு வருவேன். தலைமையாசிரியர் ஆண், அவரிடம் என்ன சொல்வது. அந்தத் துணியைப் பள்ளிக் குழாயடியில் அலசும்போது அழுகை வரும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, நீயும் லேப்பில் இதெல்லாம் பட்டிருப்பாய் என்பதால் சொல்கிறேன்.

நவம்பரில் ஒரு நாள் நல்ல மழை, மத்தியானமே பள்ளியை விட்டுவிட்டார்கள். உன்னை இரண்டு மணி நேரம் முன்னாலேயே தூக்கப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் பஸ் நிலையத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தேன். பர்வீன் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுஹைல் காலை நீட்டி உட்கார்ந்து உன் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கக்கூட இல்லை, எழுந்தால் உனக்குப் புரை ஏறும் என்று அப்படியே இருந்தபடி சொன்னாள். "மொத நாள்லருந்தே பாட்டில வாயில வைக்க மாட்டேங்குது டீச்சர். கதறிருச்சு. ஒங்களக் கேக்குறதுக்கு நீங்க இங்குட்டு இல்ல. சொல்லணும்னு தெனமும் நெனப்பேன், நீங்க காலிப் பாட்டிலப் பாத்துச் சந்தோசப்படுவீக, எனக்கு வாய் வராது" என்றாள்.

அவள் என்னைக் கேட்டிருக்க வேண்டும், அது தப்புதான், இன்றைக்கும் சொல்வேன். நம் மார்க்கத்தில் பால் கொடுத்தவள் தாய். அவள் பெற்ற பிள்ளைகள் உனக்கு உடன்பிறந்தவர்கள், நாளைக்கு அவர்களில் யாரையும் நீ நிக்காஹ் செய்துகொள்ள முடியாது. அவ்வளவு பெரிய காரியத்தைப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்யலாமா என்றுதான் கத்தினேன். அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன் என்று எழுத ஆசை, இல்லை, யார் காதிலும் விழாத மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினேன். மார்க்கம் எனக்கு அந்த நேரத்தில் கையில் கிடைத்த கம்பு. கோபம் வேறு ஒன்றுக்கு. கையை நீட்டி "வாடா" என்றேன், நீ என்னைப் பார்த்துவிட்டு முகத்தை அவள் நெஞ்சுக்குள் திருப்பிக்கொண்டாய். எட்டு மாதப் பிள்ளை. நான் உன்னைப் பிடுங்கினேன், அவள் முக்காட்டை நீ பிடித்திருந்தாய், அதுவும் சேர்ந்து வந்தது. வாசலில் அதை உன் கையிலிருந்து விடுவித்துக் கீழே போட்டுவிட்டு வந்தேன். இனிமேல் என் பிள்ளையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு அம்மாவிடம் விட்டேன். சுத்தமான வீடு, பெரிய தொட்டில், சுவரில் படம், எனக்குப் பிடித்திருந்தது. அந்தம்மா எந்தப் பிள்ளையையும் மடியில் வைத்துக்கொள்வதில்லை, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. நீ அங்கே மூன்று வாரம் இருந்தாய். பாட்டிலைத் தொடவில்லை, சாயங்காலம் நான் வந்த பிறகு என்னிடம் குடிப்பது மட்டும்தான், பிறகு வயிற்றால் போக ஆரம்பித்தது, கண் உள்ளே போய்விட்டது, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் உன் கையில் ஊசியைக் குத்தி வைத்திருந்தார்கள். டாக்டர் கேட்டார், பிள்ளைக்குப் பகலில் தாய்ப்பால் கிடைத்து அது திடீரென்று நின்றதா என்று. இல்லை என்று சொன்னேன். பெனாசிர், டாக்டரிடம் இல்லை என்று சொன்னேன். பர்வீன் சுஹைலை இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். உள்ளே விட வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டேன். வராந்தாவிலேயே சாயங்காலம் வரைக்கும் நின்றுவிட்டுப் போனாள். அவளை உள்ளே விட்டிருந்தால் நீ சீக்கிரம் தேறியிருப்பாயோ என்னவோ, அல்லாஹ்தான் அறிவான். உன் அத்தாவுக்கு, பர்வீனுக்குத் தோதுப்படவில்லை, ஆளை மாற்றிவிட்டேன் என்று புருனேக்கு ஒரு வரி எழுதினேன். அந்த வருஷக் கடைசியில் வீட்டையும் மாற்றினேன். கொஞ்சம் இரு, சோறு பொங்குகிற வாசனை வருகிறது, போய்விட்டு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை.

நேற்று சோறு தீய்ந்துவிட்டது, அத்தா மேலாக எடுத்துச் சாப்பிட்டார். இனி எழுதப் போவதுதான் எனக்கு எழுதக் கூசுகிறது. உனக்கு மாப்பிள்ளை தேடிய வருஷம் உன் அத்தா பள்ளிவாசலிலிருந்து ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். சுஹைலைப் பற்றிப் புரோக்கரிடம் பேசிவிட்டு வந்திருந்தார். நல்ல பையன், தொழுகையாளி, சொந்தக் கடை, தெரிந்த குடும்பம், பிள்ளை கண் பார்வையிலேயே இருப்பாள் என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் மேல் தப்பில்லை. புரோக்கர் அதற்குள் பர்வீன் வீட்டுக்கே போய்விட்டார். அவளுக்குப் புருஷன் தவறிச் சில வருஷம் ஆகியிருந்தது. "இது ஆகாதுங்க, அந்தப் புள்ளைக்கு நான் பால் குடுத்தவ" என்று ஒரே வார்த்தையில் அவள் முடித்திருக்கலாம், என் இருபத்து மூன்று வருஷத்து மூடல் அன்றைக்கே உடைந்திருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை. "டீச்சரக் கேட்டுட்டு வாங்க, அவுக சொல்றதுதான்" என்று சொல்லி அனுப்பினாள். நானே சொல்லட்டும் என்று வழி விட்டாள். நான் புரோக்கரிடம் என்ன சொன்னேன் தெரியுமா. "ஏணியும் ஸ்பேனரும் தூக்குகிறவனுக்கா எம்.எஸ்ஸி. படிக்கிற என் பிள்ளையைக் கொடுப்பேன்" என்றேன். அதை அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறார். அவள் சரி என்று மட்டும் சொன்னாளாம். அன்றையிலிருந்து உன் அத்தா சுஹைலைத் தெருவில் பார்த்தால் கூசிப்போய் வேறு பக்கம் திரும்புவார், நமக்கு ஏசி ரிப்பேர் ஆனால் தேவகோட்டையிலிருந்து ஆளைக் கூப்பிடுகிறோம், இதுதான் காரணம்.

இன்றைக்கு மத்தியானம் உன் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேமத்தான்பட்டிக்குக் காட்டக் கொண்டுபோக மாதிரிக் கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை ஒரே கல்லையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு "அவுக அன்னைக்கு ஒத்த வார்த்த சொல்லிருந்தா ஒம் மானம் என்னத்துக்கு ஆகும் ஆபிதா? ஒன்னையக் காப்பாத்துறதுக்குத் தன் மகன அவமானப்பட விட்ருக்காக" என்றார். சாப்பிடாமல் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். மஃரிப் தொழுகைக்குப் பிறகு வந்து, "நாளைக்கு நீ அங்குட்டுப் போற. மொத நீ போ. அப்புறம் நான் போயி அந்தப் பையங்கிட்டப் பேசுறேன்" என்று மட்டும் சொன்னார். அறுபது வயதில் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருக்கிறேன், சிரிக்காதே.

திங்கட்கிழமை.

போய்விட்டு வந்துவிட்டேன். பர்வீன் இப்போது செக்காலைப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாள். இன்னும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள், அது எனக்குத் தெரியாது. பேங்கில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் மகன், ஆஸ்பத்திரி நர்ஸ் நீலாயதாட்சி என்பவரின் மகள், சுஹைலின் கடைசிப் பையன், மூன்றும் நடுவீட்டில் டப்பா மூடிகளைத் தட்டிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்து நேற்றுத்தான் பார்த்த மாதிரி "வாங்க டீச்சர், இருங்க" என்றாள். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதில் ஒரு வரிகூட வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன் பர்வீன்" என்றேன். அவள் பேங்க்காரப் பெண்ணின் மகனுக்குத் தயிர்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், ஊட்டுவதை நிறுத்தவில்லை. பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. அடுத்த வாயை ஊட்டிவிட்டு, "நீங்க வேண்டாம்னு சொன்னதுக்குக்கூட நான் அழுகல டீச்சர். மறுநாள் அந்தப் புள்ள குடிக்கிற நேரம் வந்துச்சு. நெஞ்சு கல்லு மாதிரி கட்டிக்கிருச்சு. நாலு நாளு காச்ச. சுஹைலுக்குக் குடுத்தும் தீரல. பீய்ச்சி ஊத்துறப்பத்தான் அழுதேன்" என்றாள். எனக்குப் பள்ளிக் குழாயடி கண்ணில் வந்து நின்றது. ஒரே ஊரில் இரண்டு பொம்பளைகள் ஒரே பிள்ளைக்கு ஊறின பாலைக் கீழே கொட்டிவிட்டு அழுதிருக்கிறோம். பிள்ளை பஸ் நிலையத்துப் பக்கம் தொட்டிலில் பட்டினியாகக் கிடந்தது. நான் அங்கேயே தேம்பிவிட்டேன், பிள்ளைகள் மூன்றும் மூடி தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன.

பிறகு உன்னைப் பற்றிக் கேட்டாள், ரிதாவைப் பற்றிக் கேட்டாள், போனில் படம் காட்டினேன், ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தாள். தேவிகா விஷயத்தையும் சொன்னேன், மறைக்க இனி என்ன இருக்கிறது. "ஒட்டிக்கிருச்சுன்னா நல்லாப் பாக்குறாகன்னுதானே டீச்சர் அர்த்தம். நாலு மாசத்துல ஒட்டலைன்னாத்தான் என்னன்னு பாக்கணும்" என்றாள். அப்போது மணி நாலு. பர்வீன் நர்ஸின் மகளை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் விட்டுவிட்டு, தான் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். ஏன் இறக்கிவிட்டாய் என்று கேட்டேன். "ஒங்க வீட்டுப் புள்ளைக்கு அப்புறம் எந்தப் புள்ளயவும் அம்மா வர்ற நேரம் நான் தூக்கி வச்சுக்கிறதில்ல. கையிலருந்து கைக்கு மாத்துனா அதுக்குப் பிடுங்குற மாதிரி இருக்கும், அம்மாக்காரிக்கும் அப்படித்தான் இருக்கும். தரையில விட்டுட்டா அதுவாப் போயிரும்" என்றாள். நீலாயதாட்சி வாசலில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்துகொண்டார், பிள்ளையைக் கூப்பிடக்கூட இல்லை. அந்தப் பெண் குழந்தை பர்வீனைப் பார்த்தது, வாசலைப் பார்த்தது, மறுபடியும் பர்வீனைப் பார்த்தது. பிறகு கையில் இருந்த மூடியைக் கீழே போட்டுவிட்டுத் தத்தித் தத்தி அம்மாவிடம் போய் விழுந்தது. எல்லாம் அரை நிமிஷம்கூட இருக்காது பெனாசிர்.

செவ்வாய்க்கிழமை.

இதை எழுத்தாக வைத்துக்கொள் என்று சொன்னேனே, அது இதுதான். ஹனிபா, ஆபிதா தம்பதியின் மகள் பெனாசிர், 1995 ஜூன் முதல் நவம்பர் வரை பர்வீன் பானுவிடம் பால் குடித்து வளர்ந்தவள். பர்வீன் பானு அவளுக்குப் பால்குடித் தாய், சுஹைல் அவளுக்கு அண்ணன். நேற்று இதைத் தனித்தாளில் எழுதி நானும் பர்வீனும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், இன்று காலை உன் அத்தா கடைக்குப் போய்ச் சுஹைலின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை, வரும்போது அவர் கண் சிவந்திருந்தது. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். சாதிக்கிடமும் காட்டு, ரிதா பெரியவளானதும் அவளிடமும் சொல்ல வேண்டும். எனக்கு அடுப்பை ஏற்றிவிட்டு வந்தது மாதிரி இருக்கிற பதற்றம் இன்னும் போகவில்லை, நீ இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பாயோ என்று. கோபப்பட வேண்டும் என்றால் படு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

நர்சரியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஊர் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கேமரா நல்லதாகவும் இருக்கலாம், இங்கிலீஷும் வேண்டியதுதான். தேவிகாவின் வீட்டில் குறை கண்டு நிறுத்துகிறாய் என்றால் இன்றைக்கே நிறுத்து, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வியாழக்கிழமை சாயங்காலத்துக்காக நிறுத்துகிறாய் என்றால், வேண்டாம் கண்ணே. அப்படியே நர்சரிக்கு மாற்றுவதானாலும் ஒரே நாளில் வெட்டாதே, ஒரு மாதம் பாதி நாள் அங்கே, பாதி நாள் தேவிகாவிடம் என்று விடு, பிள்ளைக்குத் தெரிந்த மடி ஒன்று கிடைக்கட்டும். தேவிகாவிடம் நீ இதுவரை ஏதாவது கடுமையாகப் பேசியிருந்தால் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடு, என்னைப் போல முப்பது வருஷம் வைத்திருக்காதே.

ரிதாவுக்குப் பதினெட்டு மாத ஊசி அடுத்த மாதம், மறந்துவிடாதே. கேழ்வரகு மாவை வெயிலில் ஒரு தடவை காட்டிவிட்டு டப்பாவில் போடு. மருமகனுக்கு எங்கள் ஸலாம் சொல். சுஹைலின் நம்பர் தனித்தாளின் பின்பக்கம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பேசு, பர்வீனும் பக்கத்தில் இருப்பாள், காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அல்லாஹ் உனக்கும் சாதிக்குக்கும் நீண்ட ஹயாத்தையும் ரிதாவுக்கு நல்ல நசீபையும் தருவானாக, ஆமீன்.

ஒன்று மட்டும் செய். திங்கட்கிழமை சாயங்காலம் ரிதா எங்கே இருந்தாலும் சரி, கூப்பிடப் போகும்போது அவளைத் தரையில் இறக்கிவிடச் சொல். நீ வாசலிலேயே உட்கார்ந்துகொள், கையை நீட்டாதே, கூப்பிடாதே. அந்தப் பக்கம் பார்ப்பாள், உன்னைப் பார்ப்பாள், மறுபடியும் அந்தப் பக்கம் பார்ப்பாள். உனக்கு நெஞ்சு அடைக்கும், இருந்தாலும் எழுந்திருக்காதே. அவளாக வருவாள். நீயும் வந்திருப்பாய் மகளே, அன்றைக்கு அந்த அரை நிமிஷம் நான்தான் நிற்கவில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
ஆபிதா.